மாசிலாமணி கெடுத்த குழம்பு

குரு, சிஷ்யன் கதைன்னதும் ஆலமரம், ஆத்தங்கரை, நீளத் தாடின்னு மனசுக்குள்ள ஒரு படம் ஓட்டியிருப்பீங்களே? நிறுத்திருங்க. நம்ம குருவுக்குத் தாடி கிடையாது. அடுத்தவங்க தாடியத்தான் எடுப்பாரு. மஸ்கட்ல ஒரு சலூன்ல வேலை. பேரு பீட்டர் நாயகம், வயசு முப்பத்திரண்டு. பேச்சே கம்மி. முடி வெட்டுறவரு பேசாம இருந்தா அது ஞானமில்லாம வேற என்ன? எல்லாரும் 'சாமி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

சிஷ்யன் மாசிலாமணிக்கு ஐம்பது. பைப் கம்பெனியில ஸ்டோர்கீப்பர். சம்சாரம் ஊர்ல, இவரு இங்க தனி ரூம்ல. வெள்ளிக்கிழமை லீவு. அன்னைக்கு மத்தியானம் இவரு சமைப்பாரு, ஊர்க்காரப் பசங்க நாலு பேரு வந்து சாப்பிடுவாங்க. எட்டு மாசமா ஒரு வாரம் தப்பினதில்ல. மத்த ஆறு நாளும் பைப்போட பேசுற மனுசனுக்கு அந்த ஒரு மத்தியானம்தான் எல்லாம்.

ஒருநாள் சலூன் நாற்காலியில கழுத்து வரைக்கும் துணி போத்தி உக்காந்திருந்தப்போ கேட்டாரு.

"சாமி, ஒரு சந்தேகம்."

"தலைய ஆட்டாதீங்கண்ணே."

"பசங்க என்னையப் பாக்க வர்றாங்களா, என் குழம்புக்கு வர்றாங்களா?"

சாமி காதோரம் கத்தரிய ஓட்டினாரு. மாசிலாமணியே தொடர்ந்தாரு.

"நாளைக்கே எனக்கு முடியாமப் போயி, அடுப்பு பத்த வைக்கலன்னா, ஒருத்தன் எட்டிப் பாப்பானா? நம்ம கைப்பக்குவம் அப்படி சாமி. அதான் பயமே."

"இந்த வெள்ளிக்கிழமை குழம்பக் கெடுத்து வைங்க."

"கெடுக்கவா? அது எனக்கு வராதே."

"முயற்சி பண்ணுங்க."

வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. எப்பவும் போடுற உப்பப் போட்டாரு. அப்புறம் கண்ண மூடிக்கிட்டு இன்னொரு மடங்கு போட்டாரு. பெத்த புள்ளைய அடிச்ச மாதிரி இருந்துச்சு. ருசி பாக்க மனசு வரல.

பசங்க வந்தாங்க. பேப்பர விரிச்சு வட்டமா உக்காந்தாங்க. ஓரமா சாமியும். பில்டிங் வாட்ச்மேன் செல்லையா வழக்கம்போல தட்டோட வாசல்ல நின்னாரு. டூட்டி நேரம், அதனால ஒரு காது லிஃப்ட் சத்தத்துல.

மாசிலாமணி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தாரு.

"குழம்பு எப்படிப்பா?"

"சூப்பர்ணே," ன்னான் பால்துரை. போன வாரம் சொன்ன அதே சூப்பர். அதே இழுப்பு.

"நெசமாவா?"

"உங்க குழம்பு என்னைக்குண்ணே சோடை போயிருக்கு?" ன்னான் இஸ்மத்.

அதோட குழம்பு பேச்சு முடிஞ்சுது. போன வாரம் கேரம்ல சிவப்புக் காய ஒளிச்சது யாருன்னு சண்டை ஆரம்பிச்சுது. ஒருத்தன் மாசிலாமணி தலகாணிய எடுத்து முதுகுக்குக் குடுத்துக்கிட்டான். இன்னொருத்தன் கேக்காமலே அவரு லுங்கிய எடுத்துக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தான்.

மாசிலாமணிக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. சாமி காதுகிட்ட குனிஞ்சாரு.

"பாத்தீங்களா சாமி? கெட்டுப்போன குழம்ப மூஞ்சி சுளிக்காமத் தின்னுறாங்க. என்னையப் பாக்கத்தான் வர்றாங்க."

"இன்னைக்கு மட்டுமாண்ணே?"

மாசிலாமணிக்குப் புரியல. கேக்கலாம்னு வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள வாசல்லேர்ந்து செல்லையா காலித் தட்ட நீட்டினாரு.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க. எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் உங்க குழம்பு வாயில வைக்கிற மாதிரி இருக்கு."