தேன்கயிறு

மாசிலாமணி மூட்டை கட்டிவிட்டார். என்ன பெரிய மூட்டை, இரண்டு வேட்டியும் ஒரு செம்பும்தான். அதைக் கட்ட அவருக்கு ஒரு காலைப்பொழுதே ஆயிற்று.

அந்த மலை மடத்துச் சாமிக்கு மாசிலாமணியைவிட வயது குறைவு. சீடரானாலும் மூத்தவராயிற்றே என்று அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கேண்ணே கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு, சாமி. நான் கோழை. இங்கே இருக்க எனக்கு யோக்கியதை இல்லை."

நடந்தது இதுதான். விறகு பொறுக்கப் போன இடத்தில் கரடி வந்துவிட்டது. மாசிலாமணி விறகைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம். கூடப் போன பொன்னுரங்கத்தின் தொடையைக் கரடி கிழித்துவிட்டது. அன்றிலிருந்து பொன்னுரங்கம் படுக்கையில் கிடக்கிறார். மாசிலாமணி அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மடத்தில் யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. பாவி மனிதர்கள், அவர் இலையில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சரி, போங்க," என்றார் சாமி. "அதுக்கு முன்னாடி ஒரு கை கொடுங்க. பொன்னுரங்கம் புண்ணுக்குத் தேன் வேணும். நான் பாறையில இறங்குறேன், நீங்க கயிறு பிடிங்க."

மாசிலாமணி இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ, என் கையிலயா? சடையப்பனைக் கூப்பிடுங்க சாமி. அவன் புலியையே பார்த்துச் சிரிக்கிறவன்."

"அதனாலதான் வேணாங்கிறேன். வேடிக்கை பார்த்துக்கிட்டே கயிறை விட்டுடுவான்."

அந்த மலையில் தேன் எடுக்க ஒரு வழக்கம் உண்டு. மேலே கயிறு பிடிப்பவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே தொங்குகிறவருக்கு மேலே இருக்கும் ஆள் தெரியாது. குரல் ஒன்றுதான் துணை.

வேங்கை மரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி மாசிலாமணி பிடித்துக்கொண்டார். சாமி புகைப்பந்தத்தோடு இறங்கினார். என்ன பேசுவதென்று தெரியாமல் மாசிலாமணி மழையைப் பற்றிப் பேசினார், மடத்துச் சாம்பாரில் உப்புத் தூக்கலாக இருப்பதைப் பற்றிப் பேசினார்.

கூடு கலைந்தது. தேனீக்கள் திரண்டு மேலே வந்து அவர் முகத்தில் மொய்த்தன. இமையில் கொட்டின, காதில் கொட்டின. கால்கள் தாமாகவே திரும்பின. பேச்சு நின்றுவிட்டது.

"அண்ணே?" என்றது கீழிருந்து குரல். "இருக்கீங்களா?"

"சாமி, பயமா இருக்கு!" அத்தனை வயது மனிதர் வாய்விட்டு அழுதார். "ஓடிடலாம் போல இருக்கு!"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதையே சொல்லிக்கிட்டு இருங்க, கேக்குறேன்."

"பயமா இருக்கு சாமி, பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் கயிற்றை இழுத்தார். சாமி பாறையில் கால் ஊன்றி ஏறி, அவர் தலை விளிம்புக்கு மேலே தெரியும்வரை மாசிலாமணி அதையே சொன்னார்.

சாமிக்கு உதடு வீங்கியிருந்தது. மாசிலாமணிக்கு ஒரு கண் திறக்கவே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

மடத்துக்கு வந்ததும் சாமி தேன் கிண்ணத்தை அவரிடம் நீட்டினார். "நீங்களே தடவிவிடுங்க."

மாசிலாமணியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பொன்னுரங்கத்தின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"வேணாம் சாமி. தேனீயைத் தாங்கிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க என்னால முடியாது. அப்படியே கிளம்பிடறேன்."

"பயமா இருக்கா?"

"கரடியைவிட."

சாமி கதவை மெல்லத் தள்ளித் திறந்தார். உள்ளே போகவில்லை. நிலைப்படிக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ நீங்க இறங்குங்கண்ணே," என்றார். "மேலே நான் இருக்கேன்."