தொள்ளாயிரம் படி ஏறிய சோறு

நெடுங்குன்றம் என்கிற நாட்டை வெகுகாலத்துக்கு முன்னால் பராக்கிரமகேசரி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் அவன் புத்தி ஒரு இடத்தில் உட்காராது. காலையில் ஒருவனைத் தளபதியாக்குவான், மாலையில் அவனையே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வான். நினைத்த மாத்திரத்தில் பல்லக்கில் ஏறி, தொள்ளாயிரம் படி உயரத்தில் இருக்கும் மலைக்கோயிலுக்குக் கிளம்பிவிடுவான்.

அந்தப் பல்லக்கைத் தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்குப் பொங்கிப் போடுகிறவள் வெள்ளைத்தாயி. "என் சோறு தின்ன தோள் ராசாவை நடுவழியில இறக்கினதே இல்லை" என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்வாள். சொல்லட்டுமே, உண்மைதானே!

ஒருநாள் ராஜாவே அதைச் சபையில் சொல்லிப் புகழ்ந்துவிட்டான். களஞ்சியத் தலைவர் அனந்தநாராயணருக்கு வயிறு எரிந்தது. நெல்லுக்கெல்லாம் அதிகாரி அவர்; புகழ் மட்டும் அடுப்பூதுகிறவளுக்கா?

"மகாராஜா, தாங்கள் மலைக்குப் போகாத நாளிலும் அந்த எட்டுப் பேர் மூன்று வேளை தின்கிறார்கள். தூக்காத நாளுக்குச் சோறு எதற்கு? கஞ்சித் தண்ணீர் போதும். தூக்குகிற அன்று காலையில் மூக்குமுட்டப் போட்டால் ஆயிற்று" என்றார்.

"அட, சரிதானே!" என்றான் ராஜா.

ஒரு மாதத்தில் எட்டுப் பேருக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. மறுபடி ராஜா மலைக்குக் கிளம்பிய காலையில் இலை நிறையச் சோறும் நெய்யும் விழுந்தன. ஆனால் முந்நூறாவது படியில் முன்னால் தோள் கொடுத்த மூக்கையனுக்குத் தொடை வெடவெடவென்று நடுங்கியது. பல்லக்கு சாய்ந்தது. ராஜாவின் தலைப்பாகை உருண்டு அடிவாரம் போய்ச் சேர்ந்தது.

"பார்த்தீர்களா! வயிறு நிறையச் சோறு இருக்கிறது, தூக்கத்தான் மனசில்லை. எட்டுப் பேரையும் நாட்டைவிட்டு விரட்டுங்கள்" என்று சபையில் குதித்தார் அனந்தநாராயணர்.

வெள்ளைத்தாயி கரண்டியும் கையுமாகச் சபைக்குள் வந்து நின்றாள். "ராசா, நடுங்கினது மனசில்ல, காலு. இன்னைக்கிப் பலம் இன்னைக்கிச் சோத்துல மட்டும் வராது. நேத்தும் முந்தாநேத்தும் தின்னதும் சேர்ந்துதான் தூக்குது."

"நேற்றைய சோறா? எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்!" என்றார் அனந்தநாராயணர். சபையே சிரித்தது.

அவளுக்கு அவமானத்தில் முகம் சுட்டது. எட்டுக் குடும்பங்கள் அவள் வாயைப் பார்த்து நின்றன. மெல்ல விரல்விட்டு நாள் எண்ணினாள்.

"பத்து நாள் என் இஷ்டத்துக்கு ஆக்கிப் போடுறேன். பதினோராம் நாள் ராசா மலையேறட்டும். அன்னைக்கி விடிஞ்சதுலேருந்து இவங்க ஒரு பருக்கை தொடமாட்டாங்க. வழியில பல்லக்கு தரையில பட்டா, இவங்களோட நானும் நாட்டைவிட்டுப் போறேன்."

"திருட்டுத்தனமாக எதையாவது மெல்லுவார்கள்!" என்றார் அனந்தநாராயணர்.

"அப்போ நீங்களே கூட நடந்து வந்து காவல் இருங்க சாமி."

"வருகிறேன்! அன்று ஏகாதசி. முந்தின நாள் பகலோடு சரி, பச்சைத் தண்ணீர்கூட என் பல்லில் படாது. ஆனாலும் உன் ஆட்களுக்கு முன்னால் ஏறுவேன்!" என்று மார்தட்டினார் அவர்.

"அது போதும் சாமி" என்று வெள்ளைத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

எட்டு நாள் சோறு, உளுந்தங்களி, கறிக்குழம்பு என்று போட்டாள். கடைசி இரண்டு நாள் அதே சாப்பாட்டைப் போட்டு, ஒரு குடம்கூடத் தூக்கவிடவில்லை. "மல்லாந்து படுங்கடா. படுத்தாத்தான் தொடையில சேரும்" என்று அதட்டினாள்.

ஏகாதசி விடிந்தது. வெறும் வயிற்றோடு எட்டுப் பேரும் பல்லக்கைத் தோளில் வாங்கினார்கள். முந்நூறாவது படி வந்தபோது பின்னால் ஏறிக்கொண்டிருந்த வெள்ளைத்தாயி மூக்கையனின் கால்களையே பார்த்தாள். மூக்கையன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே போனான். அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பல்லக்கு கோயில் வாசலில்தான் இறங்கியது.

அனந்தநாராயணரும் தொந்தியைச் சுமந்து மூசுமூசென்று ஏறி வந்துவிட்டார். "ஏதோ வீம்புக்குத் தூக்கிவிட்டார்கள். நேற்றைய சோற்றை இன்னும் காட்டவில்லையே!" என்றார்.

"சாமி இன்னைக்கி என்ன சாப்பிட்டீங்க?"

"ஏகாதசியில் என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றுமே இல்லை. பெருமாள் சாட்சி!"

"அப்போ இந்தத் தொள்ளாயிரம் படியை ஏறினது எந்தச் சோறு சாமி?"

அனந்தநாராயணரின் கை தானாகத் தொந்திக்குப் போனது. ராஜா மலை அதிரச் சிரித்தான்.

"ராசா, இருபது வருஷமா ஆடு அறுத்துக் கறி ஆக்குறவ நான். மேய்ஞ்ச ஆட்டு ஈரல் கனமா இருக்கும், பட்டினி ஆட்டு ஈரல் சுருங்கிக் கிடக்கும். தின்ன சாரத்துல மிச்சத்தை ஈரலும் தசையும் வாங்கி வச்சுக்கும். அது அடுப்படியில இருக்கிற கைப்பானை மாதிரி. சட்டுன்னு எடுக்கலாம், ரொம்பக் கொள்ளாது. அதுவும் நிரம்பினா மிச்சம் கொழுப்பா இடுப்புல குந்திக்கும். அது நெல்லு கொட்டி வைக்கிற குதிர் மாதிரி. சாமிகிட்ட குதிரே இருக்கு, பல நாள் தாங்கும். இவங்களுக்கு அது ஏது? மலையேறினா கைப்பானை காலி. சும்மா இருக்கிற நாள்லதான் ரொப்பணும். படுத்துக் கிடந்தாலும் மூச்சு ஓடுது, நெஞ்சு அடிக்குது, உடம்பு சுடுது. அந்த அடுப்புக்கு ஓய்வே இல்லையே!"

ராஜா தன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். "எனக்கும் ஒரு குதிர் இருக்கும்போலிருக்கிறதே! இறங்கும்போது நான் நடக்கிறேன். வெள்ளைத்தாயி, இனி இவர்கள் சோற்றில் கைவைக்க எனக்கே அதிகாரம் இல்லை. எல்லாம் உன் இஷ்டம். அனந்தநாராயணரே, நாளையிலிருந்து இவர்களுக்குப் பரிமாறுகிறவர் நீர்!"

மறுநாள் பல்லக்குக்கு வேலையில்லை. எட்டுப் பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். மூக்கையன் இலைக்கு எதிரே அனந்தநாராயணரின் கரண்டி தயங்கியது. "இன்றைக்குத்தான் தூக்கப் போவதில்லையே..." என்று வாய்க்குள்ளே முனகினார்.

வெள்ளைத்தாயி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள்.

"நல்லா அள்ளி வைங்க சாமி. நாளைக்கி ஏறப்போற படி அது."