மூன்றாவது குவளை

மலைமேல் ஓர் அரசர், மலையடியில் ஓர் அரசர் என்று இருந்த பழங்காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். மேலே குன்றநாடு. கீழே தாழைநாடு. குன்றநாட்டு ஏரியின் மதகு திறந்தால்தான் தாழைநாட்டு ஆற்றில் தண்ணீர் ஓடும்.

அந்த வருஷம் ஆறு வறண்டது. “வேண்டுமென்றே மதகை அடைத்துவிட்டான்!” என்று தாழைநாட்டு அரசர் குதித்தார். போய்ப் பார்த்தாரா? இல்லை. பார்ப்பதைவிடக் குதிப்பது சுலபம். எல்லையில் படையை நிறுத்திவிட்டு, நன்னாகன் என்ற தூதரை அனுப்பினார்.

“மதகைத் திற, இல்லையேல் போர்.” இதைத் தூதர் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை சொன்னால் போர் தொடங்கிவிடும். அதுவரை கேட்பவர் அந்தச் செய்திக்குப் பதில் பேசக் கூடாது. இப்படி ஒரு முறையை வகுத்தவருக்கு என்ன அவசரமோ! சொல்லாமல் திரும்பும் தூதருக்குத் தலை மிஞ்சாது.

படையின் முதல் வரிசையில் நின்றவன் நன்னாகனின் ஒரே மகன்.

காலையில் சொன்னார். தூதருக்குக் குவளை நிறையத் தண்ணீர் தருவது வழக்கம். குன்றநாட்டு அரசர் அரைக் குவளை தந்தார். அவமானத்தில் நன்னாகனின் முகம் சிவந்தது.

நண்பகலில் சொன்னார். கால் குவளை வந்தது. இனிப் போர்தான், மகன் பிழைக்கமாட்டான் என்று நினைத்தார்.

மாலையில், அவர் செய்தியைச் சொல்லுமுன்பே வந்தது மூன்றே மடக்கு, அதுவும் கலங்கல். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அரசரின் உதடுகள் வெடித்திருந்தன.

“அரசே, தாங்கள் இன்று தண்ணீர் குடித்தீர்களா?”

“இல்லை. என் பங்கைத்தான் உமக்குத் தந்தேன்.”

நன்னாகன் ஏரிக்கரைக்கு ஓடினார். மதகு திறந்தே கிடந்தது. உள்ளே பாளம் பாளமாக வெடித்த மண்.

அந்த மூன்று மடக்கையும் குடிக்காமல், குவளையோடு ஊர் திரும்பினார்.

“மூன்றாவது முறை சொன்னாயா?” என்று கேட்டார் தாழைநாட்டு அரசர்.

“இல்லை, அரசே.”

அரசரின் கை வாளுக்குப் போனது. நன்னாகன் குவளையை நீட்டினார். “மதகு திறந்துதான் கிடக்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லை. இது அந்த அரசர் தாம் குடிக்காமல் உங்கள் தூதனுக்குக் கொடுத்தது.”

அரசர் அந்த மூன்று மடக்கை வெகுநேரம் பார்த்தார். வெட்கத்தோடு வாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “படை கிளம்பட்டும். வேல் வேண்டாம், மண்வெட்டி போதும். அவர்களுக்குக் கிணறு வெட்டுங்கள்” என்றார்.

நன்னாகனின் மகன் உடம்பெல்லாம் சேறாக, முழுசாக வீடு வந்து சேர்ந்தான்.

பக்கத்து நாட்டின் மேல் பழி சொல்லுமுன், அவர்கள் படும் பாட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.