மஞ்சக்காலி அனுமதி கேட்ட மத்தியானம்

பறவைகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆறு கடலில் சேரும் ஒரு கழிமுகத்தில், கரைப்பறவைகள் எல்லாம் ஒரே மணல்திட்டில் குடியிருந்தன. உள்ளான், உப்புக்கொத்தி, பூநாரை என்று எல்லோருக்கும் கூடு அங்கேதான். கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மணலில் ஒரு குழி, ஓரத்தில் நாலு கிளிஞ்சல். அவ்வளவுதான்.

ஆள்காட்டிக் குருவியும் அங்கே இருந்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. கால் மஞ்சளாக இருந்ததால் மஞ்சக்காலி என்று கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கண்ணோரம் தெரிகிற சிவப்பும் அன்றைக்கு இல்லை. முட்டையிடுவதில் அவளுக்கு அது முதல் ஈடு. நாலு முட்டை.

திட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நாளுக்கு ஒருவர் மேட்டில் நின்று காவல் பார்க்க வேண்டும். ஆபத்து என்றால் காவலில் இருப்பவர் குரல் கொடுப்பார். உடனே திட்டு மொத்தமும் எழும்பி, வந்தவனைச் சூழ்ந்து கொத்தி விரட்டிவிடும். அந்தக் குரலுக்கு முன்னால் நரிகூட நின்றதில்லை.

மஞ்சக்காலிக்குப் பயம் அதிகம். முதல் ஈட்டுக்காரி, வேறு எப்படி இருப்பாள்? முதல் காவலில், மிதந்து வந்த பனங்கட்டையை முதலை என்று நினைத்துக் குரல் கொடுத்தாள். இரண்டாவது காவலில் மேகத்தின் நிழலைப் பருந்து என்று நினைத்தாள். அன்றைக்கு எல்லோரும் எழும்பிச் சுற்றிய நேரத்தில் வெயில் ஏறி, உப்புக்கொத்தியின் முட்டை ஒன்று வெந்துபோனது. உப்புக்கொத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டை போகாதவர்கள்தான் பேசினார்கள்.

சபை கூடியது. பூநாரைதான் தலைவர். கழுத்து நீளமாக இருப்பதால் எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இனிமேல் காவலில் இருப்பவர் தனியாகக் குரல் கொடுக்கக் கூடாது, இன்னொருவர் வந்து பார்த்து ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நல்ல குடும்பத்துப் பெண் வாயைத் திறக்குமுன் பத்துத் தடவை யோசிப்பாள் என்றும் போகிற போக்கில் சொல்லிவைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். மஞ்சக்காலியும் ஆட்டினாள். அவளும் ஆட்டினாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தத் திட்டுக்கு அடிக்கடி வரும் விருந்தாளி கடற்காகம். வெள்ளை வெளேரென்று இருப்பார். வரும்போதெல்லாம் சபைக்கு ஒரு மீன் கொண்டுவந்து போடுவார். குஞ்சுகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அண்ணாச்சி வந்துபோன நாட்களில் எங்காவது ஒரு முட்டை குறையும். நண்டு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மஞ்சக்காலியின் மூன்றாவது காவல் வந்தது. உச்சிவெயில். அந்த நேரத்தில் அடைகாக்கிறவர்கள் தண்ணீருக்குப் போய் நெஞ்சு இறகை நனைத்துக்கொண்டு வருவார்கள். அந்த ஈரத்தில்தான் முட்டை சூடு தணியும். அவள் புருஷனும் போயிருந்தான்.

மேட்டிலிருந்து பார்த்தாள். கடற்காகம் பறந்து வரவில்லை, நடந்து வந்தார். திட்டின் அந்தக் கோடியில், ஆளில்லாத கூடுகளுக்கு நடுவே, ஒவ்வொரு கூடாகக் குனிந்துகொண்டு. நிமிர்ந்தபோது அலகிலிருந்து மஞ்சள்கரு ஒழுகியது.

குரல் தொண்டைவரை வந்துவிட்டது. சட்டம் இருக்கிறதே. அதை விழுங்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் சிவந்த நெட்டைக் காலில் நின்றிருந்தது உள்ளானக்கா.

"அக்கா, வந்து பாருங்கக்கா. அண்ணாச்சி முட்டையக் குடிக்கிறாரு."

உள்ளானக்கா காலை மாற்றி நின்றாள். "ஏண்டி, அன்னைக்கு மேகம், இன்னைக்கு அண்ணாச்சியா? நேத்துத்தான் எம் மூத்த பிள்ளைக்கு மீன் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு."

"ஒரே ஒரு தடவ எட்டிப் பாருங்க, போதும்."

"பாத்துட்டேன்னு வையி, இவளும் அந்தப் பயந்தாங்கொள்ளிக்குக் கூட்டுன்னு என்னையும் சேத்துப் பேசுவாங்க." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மஞ்சக்காலி தலைவரிடம் ஓடினாள். பூநாரை தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தார். அவர் சாப்பிடும்போது யாரும் கூப்பிடக் கூடாது. அவள் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒருவழியாக அவர் தலையைத் தூக்கி, முழுதும் கேட்டு, பெரிய மனிதர்கள்மேல் பழி சொல்வது லேசான காரியம் இல்லை, சாயங்காலம் சபையில் சொல், விசாரிக்கலாம் என்றார். மறுபடியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவள் குழியில் ஓடுகள்தான் கிடந்தன. அதில் ஒரு ஓட்டில் சின்னப் பொத்தல் இருந்தது. உள்ளிருந்து குஞ்சு கொத்தத் தொடங்கியிருந்த பொத்தல்.

பதினோரு கூடுகள் காலி. தாய்மாரும் தகப்பன்மாரும் ஈர நெஞ்சோடு வந்து நின்றார்கள். அந்த ஈரம் மணலில் சொட்டிக் காய்ந்தது.

எல்லோரும் மஞ்சக்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் கேட்டது உள்ளானக்கா. அவள் குழியும் காலிதான்.

"காவல் நீதானடி? ஏன் கத்தல?"

பூநாரையும் மெதுவாக நடந்து வந்தார். "ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா அம்மா?" என்றார், ரொம்ப வருத்தத்தோடு.

அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறிக் கண்ணோரம் வந்து நின்றது. அப்புறம் இறங்கவே இல்லை.

"ரெண்டு தடவ தப்பாக் கத்துனேன், ஒரு முட்டை போச்சு. உப்புக்கொத்தி மூஞ்சில முழிக்க முடியாம நான் சுத்தி வளைச்சு நடந்தேன். இன்னைக்கு நீங்க சொன்ன மாதிரி அடக்கமா, அனுமதி கேட்டுக்கிட்டு நின்னேன். பதினோரு கூடு போச்சு. இப்ப நீங்க யாரு மூஞ்சில முழிக்கப் போறீங்க?"

பூநாரை தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். மஞ்சக்காலி அப்படியே எழும்பி, அவர் தலைக்கு மேலே நின்று, விழுங்கிவைத்திருந்த குரலை முழுதாகக் கொடுத்தாள். பூநாரை நடுத்தண்ணீருக்கு ஓடினார். கடற்காகம் கரையோரமாக அலகைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்மீதும் பாய்ந்தாள். கூட யாரும் வரவில்லை. ஒருத்தியாகவே பாய்ந்தாள். அவளைவிட மூன்று மடங்கு பெரியவர், இருந்தும் அலறிக்கொண்டு கடலைப் பார்த்துப் பறந்துபோனார்.

இனி இந்தத் திட்டில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். புருஷன் ஈர நெஞ்சோடு பின்னாலேயே போனான். தூரத்துக் கட்டாந்தரையில் புதிதாக ஒரு குழி பறித்து, மறுபடியும் நாலு முட்டை இட்டாள். அங்கே சபையும் கிடையாது, அண்ணாச்சியும் கிடையாது.

அன்று தொடங்கியதுதான், ஆள்காட்டி எந்தக் கூட்டத்தோடும் சேராமல் வெட்டவெளியில் தனியாகக் கூடு வைப்பதும், மாடு வந்தாலும் நாய் வந்தாலும் மேகம் நகர்ந்தாலும் கத்துவதும், ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அந்தப் பெயர் வந்ததும். கரையோரப் பாதையில் பறவை பார்க்கப் போகிற உங்கள் தலைக்கு மேலேயும் அவள் வந்து கத்துவாள். நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். அதைச் சரிபார்க்க அவள் இன்னொருவரைக் கூப்பிடுவதில்லை.