முதலாளி உத்தரவு போட்ட விலைப்பலகை

தாண்டவராயனின் விறகுத்தொட்டியில் விறகுக்கு விலை கிடையாது. வருகிற ஆளின் முகத்துக்குத்தான் விலை. அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது புதுச் சட்டம். விறகு, கரி, மண்ணெண்ணெய் எது விற்றாலும் விலையைப் பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும்; மாட்டாத கடைக்குப் பூட்டு.

விறகு அடுக்கும் பச்சையம்மாளைக் கூப்பிட்டார்.

"பலகை வாசல்ல தொங்கணும். ஆனா ஒருத்தனும் அதைப் படிக்கக் கூடாது. முடியலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"அவ்வளவுதானே முதலாளி?" என்றாள் பச்சையம்மாள்.

மறுநாள் காலையில் தொட்டி வாசலில் தேர்க்கூட்டம். பால்காரர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர்கள் பக்கத்து ஆளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். எதிர்த்தொட்டிக்காரரும் வந்து படித்தார். படித்த கையோடு ஓடிப்போய்த் தன் பலகையில் விலையைக் குறைத்து எழுதினார். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது.

தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன செஞ்சு தொலைச்சே?"

"நீங்க சொன்னதைத்தான் முதலாளி, மேலே கொட்டை எழுத்துல எழுதவெச்சேன்."

நிமிர்ந்து பார்த்தார். விலைக்கு மேலே சிவப்பில் எழுதியிருந்தது: 'இந்த விலையை யாரும் படிக்கக் கூடாது. முதலாளி உத்தரவு.'

"இந்த ஊர்ல ஒருத்தராவது உங்க பேச்சைக் கேக்கறாங்களா, பாருங்க" என்று அலுத்துக்கொண்டே பச்சையம்மாள் சாக்கட்டியை நீட்டினாள்.

எதிர்த்தொட்டிக்காரரைவிடக் குறைத்து எழுதினார் தாண்டவராயன்.