மரகதம் ஏற்றிய சார்ஜ்

"சார்ஜரைச் சொருகினா பச்சை விளக்கு எரியுது டீச்சர். ஆனா பேட்டரி ஏற மாட்டேங்குது" என்றார் கோதண்டம்.

லூர்து டீச்சர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உறையூரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பேட்டரி வண்டிக்காரர்கள் வருவார்கள். யாருடைய பேட்டரியையும் அவர் ரிப்பேர் செய்து தருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவரையே செய்ய வைப்பார்.

கோதண்டத்துக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட.

டீச்சர் முதலில் சார்ஜரை மீட்டரில் பார்த்தார். அதில் குறை இல்லை.

"அப்ப பச்சை ஏன் எரியணும்?"

"உள்ளே வாங்கிக்க ஆள் இல்லைன்னா, வேலை முடிஞ்சுதுன்னு அது நினைச்சுக்கும் அண்ணே."

கோதண்டம் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரி இல்லை.

வண்டியைக் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று டீச்சர் கேட்டார். தான் ஓட்டியதே இல்லை என்றார் அவர்.

அது அவர் மனைவி மரகதத்தின் பேட்டரி சைக்கிள். தையல் சொல்லிக் கொடுக்க அவள் தெருத்தெருவாகப் போவாள். முழங்கால் வலி வந்த பிறகு அதை வாங்கினாள். சாயங்காலமானால் கோதண்டத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்துக்குக் காற்று வாங்கக் கிளம்புவாள். பொண்டாட்டி ஓட்ட, புருஷன் கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கொஞ்ச நாளில் சிரித்துச் சிரித்து அலுத்துப் போனது. பாலத்தில் ஏறும்போது மட்டும் மரகதம் திரும்பாமலே கேட்பாள், பின்னாடி இருக்கீங்களா என்று. இருக்கேன் என்பார்.

இதைச் சொல்லும்போது கோதண்டத்தின் முகம் தெளிந்திருந்தது.

"கடைசியா சார்ஜ் போட்டது எப்ப?"

அவர் சார்ஜர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். டீச்சர் திரும்பக் கேட்காமல் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

பாதித் துணி மடித்த பிறகு கோதண்டம் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மரகதம்தான் சார்ஜ் போட்டாள். திரும்பி வந்ததும் ஓட்ட வேண்டும் என்று முழுசாக ஏற்றி வைத்தாள். திரும்பி வரவில்லை.

அவள் விட்டுப் போனதில் அந்தச் சார்ஜும் ஒன்று என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஓட்டினால் தீர்ந்துவிடும். புதிதாக ஏற்றினால் அவள் ஏற்றியதோடு கலந்துவிடும். அதனால் இரண்டும் செய்யவில்லை. போர்வை போட்டு மூடி, எப்போதாவது சாவியைத் திருப்பி, சார்ஜ் அளவைக் காட்டும் கோடுகளைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். முதலில் எல்லாக் கோடும் இருந்தன. பிறகு ஒன்று குறைந்தது. இன்னொன்று குறைந்தது. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் சாவியைத் திருப்பியபோது ஒன்றுமே எரியவில்லை.

"ஒரு அடி ஓட்டலை டீச்சர். யாருக்கும் கொடுக்கலை. அப்ப அது எங்கதான் போச்சு?"

டீச்சர் திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கோதண்டம் திருகுகளைக் கழற்றினார். மூடியைத் தூக்கியதும் உள்ளே செல்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் அட்டை இருந்தது.

"இதுதான் காவல்" என்றார் டீச்சர். "ரொம்ப ஏறிடாம, ரொம்ப இறங்கிடாம பார்த்துக்கும். இதுக்குத் தூக்கம் கிடையாது."

"இதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

டீச்சர் செல்களைக் காட்டினார்.

கோதண்டம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள்.

"காவலுக்கே செலவாயிடுச்சா?"

டீச்சர் மீட்டரை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஒவ்வொரு வரிசையாக முனைகளைத் தொட்டு அவர் அளந்தார். எல்லா வரிசையும் இறங்கித்தான் இருந்தது, ஆனால் உயிர் இருந்தது. ஒரே ஒரு வரிசை மட்டும் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மறுபடியும் அளந்தார். துடைத்துவிட்டு அளந்தார். மீட்டர் மாறவில்லை.

அதை மாற்ற வேண்டும் என்றார் டீச்சர்.

வேண்டாம் என்றார் கோதண்டம். மெதுவாகவாவது அதே செல்களில் ஏற்றிப் பார்க்கலாமே என்று கெஞ்சினார். அவள் ஏற்றியது அவற்றில்தானே.

"இவ்வளவு கீழே போனதைப் பாவம் பார்த்து ஏத்தினா, ஒரு நாள் வீடு பத்திக்கும்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்த வரிசையெல்லாம் இது ஒண்ணுக்காகத்தான் நின்னு போயிருக்கு."

கோதண்டம் மீட்டரை வைத்துவிட்டு எழுந்து வாசல் வரை போனார். செருப்பைக்கூடப் போட்டுவிட்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அந்த வரிசைச் செல்களை மற்றதோடு இணைத்த தகட்டுப் பட்டைகளை டீச்சர் சொன்ன இடத்தில் நறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்தினார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கழற்றிய செல்களை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கோதண்டம் கேட்டார். அது வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை, சேகரிக்கிற இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார் டீச்சர். அவற்றைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, முனைகளில் டேப் ஒட்டி கோதண்டமே டப்பாவில் போட்டார்.

அடுத்த ஞாயிறு, டீச்சர் அளந்து பொருத்தம் பார்த்து எடுத்து வைத்திருந்த புதுச் செல்களை, அவர் சொல்லச் சொல்லக் கோதண்டம் பற்றவைத்து இணைத்தார். இறங்கிக் கிடந்த பழைய வரிசைகளை ஒவ்வொன்றாக, மெல்ல மெல்ல, மற்றதோடு சமமாகும் வரை ஏற்றினார்கள். அதற்குச் சில ஞாயிறுகள் ஆயின. அந்த நேரமெல்லாம் கோதண்டம் மரகதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் மீட்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் கோதண்டம் வண்டியில் பேட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருப்பினார். எல்லாக் கோடும் எரிந்தன.

உடனே அணைத்தார். போர்வையை மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"எப்படி மூடி வெச்சா ரொம்ப நாள் இருக்கும் டீச்சர்?"

டீச்சர் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார்.

"வீட்டில தக்காளி இல்லை அண்ணே. வாங்கிட்டு வந்துடுங்க."

கோதண்டம் பையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். முதல் திருப்பத்தில் வண்டி ஆடியது. காலை ஊன்றி நின்று, மறுபடி கிளம்பினார்.

கடைத்தெரு கூப்பிடு தூரம்தான். இருட்டிய பிறகுதான் திரும்பினார். சட்டையெல்லாம் வியர்வை. தக்காளியில் பாதி நசுங்கியிருந்தது.

மார்க்கெட்டுக்கு முன்னால் ஒரு பெண் ஓடிவந்து வண்டியை மறித்தாளாம். மரகதத்திடம் தையல் படித்த ஷகீலா. வண்டியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவள், இவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாளாம். அவளை பஸ் ஸ்டாண்டில் விட்டாராம். பின்னால் உட்கார்ந்தவள் வழியெல்லாம் மரகதத்தின் கோபத்தை, சிரிப்பை, அவள் கத்தரிக்கோல் பிடிக்கும் விதத்தை, அவருக்குத் தெரியாத கதைகளாகச் சொன்னாளாம். அவளை இறக்கிவிட்ட பிறகு வண்டி தானாகக் காவிரிப் பாலத்துப் பக்கம் போய்விட்டதாம். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம்.

டீச்சர் நசுங்கிய தக்காளியைத் தனியே எடுத்து வைத்தார்.

"சார்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

கோதண்டம் யோசித்தார்.

"பார்க்கலையே டீச்சர்."