ஐந்தாவது எலுமிச்சம்பழம்

"கோவா போற வரைக்கும் வண்டி எங்கேயும் நிக்கக் கூடாது. நின்னா உன் வேலை போச்சுல" என்றார் திருநெல்வேலி கான்ட்ராக்டர் பேச்சிமுத்து. "எல்லா டயருக்கும் காத்து நானே பாத்தாச்சு. டிக்கியைத் தொறக்காதே, பெட்டி அடுக்கியாச்சு. எலுமிச்சம்பழத்தை வச்சுட்டு வண்டியை எடு."

டிரைவர் இசக்கி நான்கு சக்கரங்களுக்கும் அடியில் பழம் வைத்தான். ஐந்தாவதை டிக்கிமேல் வைத்துக் கும்பிட்டான்.

"வண்டிக்கு எத்தனை சக்கரம்ல?"

"அஞ்சு மொதலாளி. உள்ள ஸ்டெப்னி கெடக்குல்லா. நாலை நீங்க பாத்துட்டீங்க. அதைச் சாமிதான் பாக்கணும்."

வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி விறைப்பாகப் பெட்டிகளை இறக்கவைத்து, ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்தினார். மெத்தை மாதிரி அமுங்கியது.

இசக்கி ஐந்தாவது பழத்தை முதலாளியம்மாவிடம் நீட்டினான்.

"மொதலாளிக்கு ஜூஸ் போட்டுக் குடுங்கம்மா. அதுக்குள்ள காத்தடிச்சுட்டு வந்திருதேன்."